மேல் கொல்லைக்காரி

என் ஓரகத்தியப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லுன்னு யாராச்சும் கேட்டா, மூணாவது வார்த்தையிலயே எனக்கு வாய் கோணிக்கும். அது எனக்கே தெரியும். எங்கூட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி அவ. என்னைவிட ஆறு வயசு சின்னவ. வாய் நெறைய அக்கான்னுதான் கூப்பிடுவா. கூப்பிடறதுல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. அதுலயே எனக்குப் பாதி எரிச்சல்.

நாங்க இருக்கறது சித்தேரி மலையில. ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தா ஒரு பள்ளத்தாக்கு. அடியில ஓடை. ஐப்பசி கார்த்திகையில சத்தம் போட்டுக்கிட்டு ஓடும், மாசியில வெறும் மணல்தான் கெடக்கும். அந்த ஓடையில இருந்து மேக்கால ஏறுற சரிவுதான் எங்க மாமனாரோட கொல்லை. சாமை, ராகி, கொள்ளு, ஒரு ஓரத்துல குச்சிக்கெழங்கு. கொல்லை முடியற எடத்துல காடு ஆரம்பிக்குது. மொதல்ல கடுக்கா மரம், நெல்லி, வேங்கை. அதுக்கு மேல மூங்கில். அதுக்கும் மேல மொட்டப் பாறை.

மாமனார் போனதும் கொல்லையப் பிரிச்சாங்க. எங்க பக்கத்துல அதுக்கு ஒரு வழக்கம் இருக்குது. பிரிக்கறது மூத்தவன், மொதல்ல எடுக்கறது இளையவன். மூத்தவன் ஓரவஞ்சனை பண்ணாம இருக்கறதுக்கு எந்தப் புத்திசாலியோ கண்டுபுடிச்ச ஏற்பாடு. எங்கூட்டுக்காரரு சரிபாதியாக் கயிறு போடத்தான் பாத்தாரு. நாந்தான் விடல. எனக்கு மேல் கொல்லை வேணும். கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து அந்தக் காட்டோரம் என் மனசுல குந்திக்கிட்டு இருந்துச்சு. "கீழ்ப்பாதியக் கொஞ்சம் பெருசா விடுங்க. பெருசப் பாத்ததும் உங்க தம்பி அதத்தான் எடுப்பாரு. மேல இருக்கறது நமக்கு வந்துரும்"னு அவரு காதுல ஓதினேன். அவரும் தள்ளிக் கல்லு நட்டாரு.

ஊர்க்காரங்க முன்னால என் கொழுந்தன் வாயத் தொறக்கறதுக்குள்ள, கட்டிக்கிட்டு வந்து ஆறு மாசம்கூட ஆவாத இவ, தலைய நிமித்தாம, "மேல இருக்கறத எடுத்துக்கலாங்க"ன்னா. ஐயோ பாவம், சின்னத எடுத்துக்கிட்டு பெருச மூத்தவங்களுக்கு விட்டாளேன்னு ஊரே உச்சுக் கொட்டுச்சு. எங்கூட்டுக்காரரு என்னப் பாத்தாரு. நான் மரத்தப் பாத்தேன். அன்னிக்கு வூட்டுக்கு வந்து நான் சோறு ஆக்கல.

அதுக்கு அப்பறம் பதினோரு வருசம், நித்தமும் கீழ இருந்து அண்ணாந்து பாக்கறதுதான் என் பொழப்பு. மார்கழியில பனி பள்ளத்துல தேங்கிக்கும். என் கொல்லைக்கு வெயில் எறங்க ஒம்பது மணி ஆவும். அவ கொல்லை ஏழு மணிக்கே மஞ்சளா நிக்கும். அவ முந்தானைய உதறி வெயில்ல நின்னு குளிர் காயறத, நான் கீழ பல்லு கிட்டிக்கிட்டுப் பாப்பேன். தை பொறந்தா கடுக்கா விழும். நாங்கெல்லாம் கூடையத் தூக்கிக்கிட்டு காட்டுக்குள்ள ஏறணும், முள்ளுல கிழிபடணும், கரடி இருக்கான்னு காதத் தீட்டிக்கிட்டு நடக்கணும். அவளுக்குக் கொல்லை ஓரத்துலயே மூணு பெரிய மரம். சீமாத்த எடுத்து வாசல் கூட்டற மாதிரி கூட்டி அள்ளிருவா. பாறை இடுக்குல ஒரு ஊத்து வேற. சித்திரையிலயும் ஒரு கொடம் ரொம்பும்.

நியாயமாச் சொல்லணும்னா, காடு பக்கத்துல இருந்தா காட்டுப்பன்னியும் பக்கத்துலதான் இருக்கும். கெழங்கு போட்ட வருசத்துல பன்னி மொதல்ல அவ கொல்லையத்தான் உழுதுட்டுப் போவும். காலையில அவ தலையில கை வெச்சுக்கிட்டு நிப்பா. நானும் போயி, "அடப்பாவமே, இப்படிப் பண்ணிருச்சே"ன்னு பக்கத்துல நிப்பேன். உண்மையச் சொன்னா, அந்தக் காலைங்கள்ல எனக்குக் களி ஒரு உருண்டை சேத்து எறங்கும்.

பன்னி தின்னது போக அவளுக்கு இன்னொண்ணு இருந்துச்சு. அதுதான் என்ன ரொம்ப வேக வெச்சுது. எங்க பள்ளத்துல போனுக்கு டவர் கெடையாது. கெடைக்கற ஒரே எடம் அவ கொல்லையில, பெரிய கடுக்கா மரத்தடி. என் மவ ஓசூர்ல கம்பெனி வேலையில இருக்கறா. ஞாயித்துக்கெழம அவகிட்டப் பேசணும்னா நான் போனத் தூக்கிக்கிட்டுச் சரிவு ஏறி, ஓரகத்தி கொல்லைய மிதிச்சு, அவ மரத்தடியில நின்னு கத்தணும். இவ அங்கியே களை புடுங்கிக்கிட்டு இருப்பா. "அக்கா, இன்னும் ரெண்டடி இந்தப் பக்கம் வாங்க, நல்லாக் கேக்கும்"பா. நான் பெத்த மவகிட்டப் பேச இவ எனக்கு எடம் காட்டறா.

ஒருநா என் மவளே, "சித்தி பக்கத்துல இருக்கறாங்களாம்மா? குடு"ன்னா. குடுத்தேன். ரெண்டு பேரும் கலகலன்னு பேசினாங்க. கம்பெனியில எவளோ மேஸ்திரியம்மாவப் பத்திச் சிரிச்சாங்க. அந்த மேஸ்திரியம்மா கதைய என் மவ எங்கிட்டச் சொன்னதே இல்ல. போனத் திருப்பிக் குடுக்கறப்ப இவ, "பாப்பா மெலிஞ்சிருக்கும் போலங்கக்கா, கொரலே மெலிஞ்சு கேக்குது"ன்னா. எனக்கு அது தெரியல. அம்மாவா இருந்தும் எனக்குத் தெரியல. வூட்டுக்கு வர்ற வழியெல்லாம் அவளத் திட்டிக்கிட்டே வந்தேன்.

பொறாமையில ஒரு நல்லது, கண்ணு நல்லாத் தெரியும். அந்தக் காட்டோரத்த நான் பாத்த அளவுக்கு அவ பாத்திருக்க மாட்டா. மாசியில எந்த இலவமரம் மொதல்ல செவக்கும்னு எனக்குத் தெரியும். வேங்கை பூத்து உதிர்ந்தா அவ கொல்லை மண்ணு எவ்வளவு தூரத்துக்கு மஞ்சளாவும்னு தெரியும். காட்டெருமை எந்தச் சந்து வழியா வந்து ஊத்துல தண்ணி குடிக்கும், மழைக்கு முந்தி மூங்கில் எந்தப் பக்கம் சாயும், எல்லாம் எனக்குத் தெரியும். கட்டினவங்கூட அவள அப்படிப் பாத்திருக்க மாட்டான், நான் அவ காட்டப் பாத்த மாதிரி.

போன வருசம் ஆடியில ரெண்டு கொல்லைக்கும் நடுவுல இவ கல்லு வரப்பு கட்ட ஆரம்பிச்சா. அங்கதான் வந்துச்சு சண்டை. ஒவ்வொரு மழைக்கும் காட்டுச் சருவு மக்கினதும் மேல் மண்ணும் கரைஞ்சு என் கொல்லைக்கு எறங்கும். அந்த மண்ணுலதான் என் ராகி கருகருன்னு நிக்கும். இத்தன வருசமும் அதப் பத்தி நான் மூச்சு விட்டதில்ல. என் வெள்ளாமையப் பாத்து யாராச்சும் மெச்சினா, "எல்லாம் பாடுபட்டதுங்க"ன்னு சொல்லிக்குவேன். இப்ப இவ கல்லு அடுக்கறா.

"என்னாடி இது, எங்களுக்கு எதிரா சுவரா?"ன்னேன்.

"இல்லைங்கக்கா. மேல கல்லுதான் மிச்சம் இருக்குது. மண்ணெல்லாம் எறங்கிப் போயிருது. உங்க கொல்லையப் பாக்கறப்பெல்லாம் எனக்கு வயிறு எரியுது"ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.

அவளுக்கு என் மேல வயிறு எரியுதாம். எனக்கு அத நம்பவே முடியல. நக்கல் பண்றான்னுதான் நெனச்சேன். வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன். புதுப்பொண்ணா வந்து தலை குனிஞ்சுக்கிட்டே என் சொத்த அடிச்சுக்கிட்டவன்னு வரைக்கும் சொன்னேன். அவ கையில இருந்த கல்லக் கீழ வெச்சா. அதுக்கு அப்பறம் அக்கான்னு கூப்பிடல. எட்டு மாசம் ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. ஆம்பளைங்க ரெண்டு பேரும் எப்பவும் போல ஒரே பைக்குல சுத்திக்கிட்டு இருந்தாங்க. நான் மவகிட்டப் பேசறதுக்கு ரெண்டு மைல் நடந்து பஸ்சு நிக்கற எடத்துக்குப் போனேன்.

இப்ப நடந்ததச் சொல்றதுக்கு முந்தி எங்க வழக்கம் ஒண்ணச் சொல்லியாவணும். பங்குனியில கொல்லையச் சுத்தம் பண்ணுவோம். தாளு, முள்ளு, உண்ணிச்செடி எல்லாத்தயும் வெட்டிக் குமிச்சுக் கொளுத்துவோம். மலைச்சரிவுல தீ எப்பவும் மேல்நோக்கித்தான் போவும். அதனால கீழ் கொல்லைக்காரங்க தீ வெக்கறதுன்னா மேல் கொல்லைக்காரங்க காட்டோரத்துல பச்சத்தழைய வெச்சுக்கிட்டு நிக்கணும், சாம்பல் ஆறுற வரைக்கும். தீ தாவினா அடிச்சு அணைக்கணும். தழைக்கு நிக்கறதுன்னு சொல்லுவோம். கீழ இருக்கறவங்க கூப்பிடணும், மேல இருக்கறவங்க வரணும். வெட்டுக்குத்து ஆன பங்காளிங்களுக்குக்கூட அந்த ஒரு நாள் பேச்சு உண்டு. கூப்பிடாம தீ வெச்சவன்னு எங்க ஊர்ல நானறிஞ்சு ஒருத்தரும் இல்ல. இந்தப் பங்குனி வரைக்கும்.

குமிச்சு ரெண்டு நாள் ஆயிருச்சு, நல்லாக் காஞ்சு கெடந்துச்சு. ஆம்பளைங்க கெழங்கு லோடோட கீழ போயிட்டாங்க. பனி ஈரம் இருக்கறப்பவே கொளுத்திரணும்னு விடியக்காலையிலயே கொல்லைக்குப் போனேன். மேல, கொல்லைக்கு ஒதுக்கமா இருக்கற அவ வூட்டுக் கூரையில புகை வந்துக்கிட்டு இருந்துச்சு. உள்ளதான் இருக்கறா. வரப்புக்கிட்டப் போயி ரெண்டு கையயும் வாயில வெச்சேன். "தழைக்கு வா"ன்னு ஒரு கத்து கத்தினாப் போதும். வரல. கூப்பிட்டா நான் எறங்கிப் போன மாதிரி ஆயிரும். அவ வந்து, முகத்த வெள்ளந்தியா வெச்சுக்கிட்டு, ஒரு வார்த்தை சொல்லாம தழையோட நிப்பா. நான் கீழ நின்னு அண்ணாந்து பாக்கணும்.

கையக் கீழ எறக்கிட்டேன். கொஞ்ச நேரம் வரப்புல குந்தினேன். இன்னும் கொஞ்ச நேரம் கெழங்குக்கு மண்ணு அணைச்சேன். அவளா வந்து கேப்பான்னு பாத்தேன் போல. ஈரமெல்லாம் காஞ்சுபோச்சு. பத்து மணி வாக்குல, நாலு குமி, இத நான் பாத்துக்க மாட்டேனான்னு தீய வெச்சேன்.

பள்ளத்துல வெயில் ஏறினா காத்தும் மேல ஏறும். பொறந்த கொழந்தைக்குத் தெரியும் எங்க ஊர்ல. மூணு குமி அடங்கி எரிஞ்சுச்சு. நாலாவதுல இருந்து ஒரு சருவு பறந்து கல்லு வரப்புல விழுந்துச்சு. கல்லு இடுக்கெல்லாம் காஞ்ச உண்ணிச்செடி. நான் ஓடிப்போயி மிதிக்கறதுக்குள்ள அது அந்தப் பக்கம் எறங்கிருச்சு. அவ கொல்லையில சாமைத் தாளு அறுத்தபடி நின்னுச்சு. தீ அதுல ஏறினத ஓடினதுன்னுதான் சொல்லணும். என்னால அது பின்னால ஓட முடியல.

அவ வந்துட்டா. ரெண்டு கையிலயும் தழை. ஒண்ண என் மேல வீசினா. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னு அடிச்சோம். புருவம் பொசுங்குச்சு, சேலையில பொத்தல் விழுந்துச்சு. ஊர்ச்சனம் ஓடியாந்தாங்க. ஆனா அதுக்குள்ள தீ கடுக்கா மரத்தத் தாண்டி மூங்கிலுக்குப் போயிருச்சு. மூங்கில் வெடிக்கற சத்தம் பள்ளம் பூராவும் கேட்டுச்சு. மத்தியானத்துக்கு மேல பாறையில போயி முட்டினப்பத்தான் அது நின்னுச்சு. எரியறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல, அதனால நின்னுச்சு.

மூணு கடுக்கா மரத்துல ரெண்டு உச்சி வரைக்கும் கருப்பா நின்னுச்சு. பெரிய மரம் உள்ளுக்குள்ள பொகைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. வேங்கை இருந்த எடத்துல கட்டைதான். எந்த மரத்த எங்க பாக்கணும்னு பதினோரு வருசமாக் கண்ணுக்குப் பழகிக் கெடந்துச்சு. அண்ணாந்தா அங்க ஒண்ணும் இல்ல. அது இல்லாமப் போவட்டும்னு எப்பவாச்சும் நெனச்சியான்னு கேட்டா, நெனச்சிருக்கறேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனா எரிஞ்சு முடிஞ்சப்ப, எந்த எடத்துல எந்த மரம் நின்னுச்சுன்னு வெரல் விட்டு எண்ணிக்கிட்டு நின்னேன். அவ கண்ணுக்கு முன்னால நான் அழக்கூடாதுன்னு பல்லக் கடிச்சுக்கிட்டேன்.

மறுநாக் காலையில ஃபாரஸ்ட் கார்டு வந்தாரு, நோட்டோட. ஊரே கூடி நின்னுச்சு. "தீ வெச்சது யாரு?"ன்னு கேட்டாரு.

எனக்கு வாய் தொறந்துச்சு. சத்தம் வரல. பயந்தான், வேற என்ன. கேசு, கோர்ட்டுன்னு என்னென்னமோ கண்ணுல ஓடுச்சு.

"நாந்தாங்க சார்"னா இவ. "அக்கா கொல்லையில குமி கெடந்துச்சு. எங்களுதோட சேத்து எரிச்சுரலாம்னு நாந்தான் வெச்சேன். காத்தப் பாக்காம விட்டுட்டேங்க."

கார்டு எழுதிக்கிட்டாரு. திங்கக்கெழம கீழ அரூர் ஃபாரஸ்ட் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடணும்னு சொல்லிட்டுப் போனாரு. சனம் அவளச் சுத்திக்கிச்சு. ஒருத்தி அவ கைக் கொப்புளத்துக்கு எண்ணெ தடவினா. தன் காட்டத் தானே எரிச்சுக்கிட்டாளே, அதயும் மறைக்காமச் சொன்னாளே, யாருக்கு வரும் இந்த மனசுன்னு பேசிக்கிட்டாங்க. என் கையிலயும் கொப்புளம் இருந்துச்சு. யாரும் பாக்கல.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கறப்பவே அவ வூட்டுக்குப் போனேன். எட்டு மாசத்துக்கு அப்பறம். வாசல்ல குந்தி எரிஞ்ச சேலைய வெட்டிக் கரித்துணி ஆக்கிக்கிட்டு இருந்தா.

"யாரக் கேட்டு நீ உம்பேரச் சொன்ன?"ன்னேன். நன்றி சொல்லத்தான் போனேன். வாயில இதுதான் வந்துச்சு.

அவ நிமிந்து பாக்கல. "உங்களுக்காவ ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாளா தழை வெட்டி வெச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க வரப்புல நின்னு கைய வாயில வெச்சத நான் உள்ள இருந்து பாத்தேன். கூப்பிடட்டும்னு இருந்தேன். அவ்ளோ பேசினவங்க கூப்பிடாம நான் எதுக்குப் போவணும்னு இருந்தேன். பொகை எழும்பினப்பக்கூட ஒக்காந்துதான் இருந்தேன். உடனே எழுந்திரிச்சிருந்தா வரப்புலயே அணைச்சிருக்கலாம்." துணியக் கீழ வெச்சா. "அது என் தப்புதானே. அதத்தான் சொன்னேன்."

எவளாச்சும் நல்லவளா இருந்தா அங்கியே அவளக் கட்டிப்புடிச்சு அழுதிருப்பா. எனக்கு வந்தது பொறாமைதான். அவ செஞ்சது என்ன, கொஞ்ச நேரம் வீம்பா ஒக்காந்திருந்தது. தீய வெச்சவ நானு. ஆனா அவ தப்ப அவ எடுத்து, தொடச்சு, ஊர் முன்னால வெச்சுட்டா. என் தப்பையும் சேத்து எடுத்துக்கிட்டா. இவளால முடியுது. என்னால ஏன் முடியல? மூணு நாளும் எனக்கு அதுதான் மண்டையக் கொடஞ்சுது. எங்கூட்டுக்காரரு, "சொல்லிட்டாளே, விடு, நாம வாயத் தொறக்க வேணாம்"னாரு. அவரு பேச்சு எனக்குக் காதுலயே ஏறல.

திங்கக்கெழம மொத பஸ்சுல அவ முன்னால குந்தியிருந்தா. நான் பின்னால ஏறினேன். அரூர் வரைக்கும் அவ திரும்பிப் பாக்கல. ஆபீசுல ஒரு சாரு பேப்பர விரிச்சு வெச்சு அவகிட்ட ஊரு, பேரு கேட்டு எழுத ஆரம்பிச்சாரு. நான் போயி மேசைக்கு முன்னால நின்னேன்.

"எழுதாதீங்க சார். தீ வெச்சது நானு. கூப்பிடாம வெச்சது நானு. இவ அணைக்கத்தான் வந்தா."

சாரு பேனாவ எடுத்துட்டு ரெண்டு பேரயும் மாத்தி மாத்திப் பாத்தாரு. "ஏம்மா, எல்லாரும் நானில்ல நானில்லன்னுதான் சொல்லுவாங்க. நீங்க ரெண்டு பேரும் இதுக்குச் சண்ட போடறீங்க. நான் யாரு பேர எழுதறது?"

"அக்கா, சும்மா இருங்க"ன்னா இவ. எட்டு மாசத்துல மொத தடவையா என்ன அக்கான்னு கூப்பிட்டா. என் கையப் புடிச்சு இழுத்தா.

நான் கைய உதறினேன். "நீ சும்மா இருடி. பதினோரு வருசமா எல்லாத்தயும் நீதான் எடுத்துக்கிட்ட. இத ஒண்ணயாவது எனக்கு விடு"ன்னேன். சத்தமாச் சொல்லிட்டேன் போல, பக்கத்து மேசைக்காரங்ககூடத் திரும்பிப் பாத்தாங்க. அவளுக்குக் கண்ணு ரொம்பிருச்சு. எனக்கும்தான்.

சாரு புதுப் பேப்பரு ஒண்ணு எடுத்தாரு. "சரி, பேரச் சொல்லுங்க"ன்னாரு.

சொன்னேன்.